ஐந்து கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நடுவே

எங்கள் ஆச்சியின் ஊர்க் கோயிலில் கீபோர்டு கிடையாது. கோயில் என்று நான் எழுதுவது தேவாலயத்தைத்தான், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டுப் பேச்சில் "கோயிலுக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பனைகளுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட சிறிய கட்டடம், ஒரு மணி, ஒரு மரச்சிலுவை, பாட்டு எண்களைச் செருகி வைக்கும் பலகை ஆகியவற்றைத் தவிர அங்கே சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, சனிக்கிழமை மாலைப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு என் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பேரன் வாசிக்கப்போகிறான் என்று ஆச்சி காலையிலேயே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் பாட்டு எடுத்துக்கொடுப்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, சுருதி கேட்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனையின் பல்லவியைத் தொடங்கிவிட்டார், மற்ற இருபது பெண்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நான் அவசரமாகச் சுருதியைத் தேடினேன். ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு; ஐந்து கட்டைக்கு அடுத்துக் கீழே இருப்பது நாலரை) கை வைத்தால் அவர்கள் என்னைவிடத் தாழ்ந்து நின்றார்கள். நாலரைக் கட்டைக்கு இறங்கினால் என்னைவிட உயர்ந்து நின்றார்கள். இரண்டு கட்டைகளுக்கும் நடுவே, எந்தக் கீபோர்டிலும் இல்லாத ஓர் இடத்தில் அவர்கள் உறுதியாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வித்தை தெரியும் அல்லவா? ஐந்து கட்டையை வைத்துக்கொண்டு, கருவியின் மொத்தச் சுருதியையும் 440 ஹெர்ட்ஸிலிருந்து 433 வரை இறக்கி அவர்களைப் பிடித்துவிட்டேன். இரண்டாம் சரணம் வரை எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் சரணத்தில் அவர்கள் இன்னும் ஒரு நூலிழை இறங்கிப் போயிருந்தார்கள். துணைக் கருவி இல்லாமல் பாடிப் பழகிய எந்தக் கூட்டமும் அப்படித்தான் மெல்ல மெல்ல இறங்கும். ஆனால் ஒரு கையால் வாசித்துக்கொண்டு மறுகையால் பொத்தானை அழுத்தி அவர்களைத் துரத்திக்கொண்டிருந்த என் நிலைதான் கேலிக்குரியதாக இருந்தது. கடைசியில் ஒலியை நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியம்மா என்னிடம் வந்து கேட்டது இதுதான்: "வாசிக்க முடியலன்னா என்ன ராசா, கூடச் சேர்ந்து பாடியிருக்கலாம்லா?"

அன்று இரவு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அந்தக் கேள்வியை யோசித்துப் பார்த்தேன். ஆராதனையில் நான் கடைசியாக எப்போது வாய்திறந்து பாடினேன் என்று எனக்கு நினைவுக்கே வரவில்லை. பதினோரு வயதில் ஞாயிறு பள்ளியில் பாடியது நினைவிருந்தது. அதன்பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் இருந்திருக்கிறேன், ஒவ்வொரு பாட்டையும் வாசித்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் பாடியதில்லை. அடுத்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) என்ன, பாடகர் குழுவில் டெனர் என்னும் ஆண்குரல் எங்கே வழுக்குகிறது, தபேலாவின் சுருதி ஏன் விலகுகிறது, ஐயர் (எங்கள் போதகர்) எந்தச் சரணத்தை விட்டுவிடச் சொன்னார் என்பவற்றையே கவனித்துக்கொண்டு, சபையார் என்ன சொற்களைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்காமலேயே ஒரு முழு வாலிபத்தையும் பீடத்துக்குப் பத்தடி தூரத்தில் கழித்திருக்கிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தக் கணக்குதான்.

எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) நாற்பது ஆண்டுகள் ஆர்கன் வாசித்த ஒரு தாத்தா. காலால் மிதித்துக் காற்றேற்றி வாசிக்கும் பழைய ரீட் ஆர்கன் அது. மிதிப்பதில் தடுமாறினால் பாட்டின் நடுவே அதற்கு மூச்சு வாங்கும். பாமாலை என்னும் எங்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்து பாட்டு ஒன்றைக் கற்றுத்தருமுன் அதன் எல்லாச் சரணங்களையும் உரக்க வாசிக்கச் சொல்லுவார். பாமாலையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்தும் ஜெர்மன் மொழியிலிருந்தும் வந்தவை, 8.6.8.6 என்றோ 8.7.8.7 என்றோ அசைக் கணக்கு வைத்து, ஏற்கெனவே இருந்த மெட்டுக்குள் தமிழை அடக்கியவை. நெடில் வரவேண்டிய இடத்தில் குறிலும், குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலும் அமைந்து, நல்ல தமிழ்ச் சொல்லொன்று மெட்டின் அழுத்தத்தால் நசுங்கிப்போகும் வரிகள் அதில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடம் வரும்போது தாத்தா, "இங்க மெட்டு கொஞ்சம் காத்திருக்கணும், சொல்லு வந்து சேரட்டும்" என்பார். சபை மூச்சு விடுகிற இடத்தில் வாசிப்பவனும் விரலை எடுக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு கட்டளை. இரண்டையும் வெறும் வாசிப்பு நுணுக்கமாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டேன். பிறகு டிரினிட்டி தேர்வுகளில் எட்டாம் கிரேடு வரை முடித்து, மூன்று அடுக்குக் கீபோர்டுகளும் காதுக்குள் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் க்ளிக் ட்ராக்கும் வைத்து வாசிக்கும் நிலைக்கு வந்தபோது, சபைக்காகக் காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. க்ளிக் யாருக்காகவும் காத்திருக்காது.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம். வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். மேடை ஏறுமுன் ஒருங்கிணைப்பாளர் தெளிவாகச் சொன்னார்: "ஐயா ஜெபிக்க ஆரம்பிச்சதும் பேட் சவுண்டு போட்டுருங்க தம்பி. அவரு 'யாராவது இருக்கிறீங்களா'ன்னு கேக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க." பேட் சவுண்டு என்றால் பின்னணியில் இழுத்துக்கொண்டே நிற்கும் மெல்லிய ஒலி. சோகம் தொனிக்கும் மைனரில் தொடங்கி நாலே நாலு கார்டுகளைச் சுற்றிச் சுற்றி வாசித்தேன், இடக்கை ஒலியளவைத் திருகிக்கொண்டே இருந்தது. நான் ஏற்ற ஏற்ற ஆட்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். என் அப்பாவின் வயதுடைய ஒருவர் மணலில் முழங்கால் படியிட்டு, தோள் குலுங்க அழுதார். எனக்கும் கண் கலங்கியது. தேவன் இங்கே இருக்கிறார் என்று அந்த நிமிடத்தில் மனப்பூர்வமாக நம்பினேன்.

அடுத்த வாரம் ஒரு திருமண வரவேற்பில் வாசித்தேன். மணமக்கள் விளக்கொளிக்குள் நடந்து வரும்போது அதே பேட் சவுண்டு, அதே நாலு கார்டுகள், இடக்கையில் அதே திருகல். மண்டபத்தில் மணப்பெண்ணின் தாயார் அழுதார், எனக்கும் அதே இடத்தில் அதே அளவுக்குக் கண் கலங்கியது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. மணலில் அழுத அந்த மனிதரை அழவைத்தது யார்? ஆவியானவரா, என் இடக்கையா? அவருடைய மனந்திரும்புதல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை; அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய கண்ணீருக்கும் அவருடைய தீர்மானத்துக்கும் நடுவே நான் ஒரு கையை நுழைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

இந்தக் கலக்கம் புதியதன்று என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். பழைய திருச்சபைப் பிதா அகுஸ்தீன் தம்முடைய வாழ்வறிக்கை நூலின் பத்தாம் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனந்திரும்பிய புதிதில் சபையின் பாட்டைக் கேட்டுத் தாம் விட்ட கண்ணீரை நினைத்துப் பார்க்கிறார். பாட்டு வேண்டும் என்கிறார். ஆனால் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாக அசைத்துவிடும் வேளைகளில் தாம் குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டு, அப்போது அந்தப் பாட்டைக் கேளாமலே இருந்திருக்கலாம் என்கிறார். வேண்டும், வேண்டாம் என்று அவர் மாறி மாறிச் சொல்வதைப் படிக்கும்போது ஒரு வேதசாஸ்திரியைவிட, என்னைப் போல் பந்தியில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைத்தான் பார்க்கிறேன். சுவிங்கிலியோ இந்த ஊசலாட்டத்தை ஒரே வெட்டில் தீர்த்துவிட்டார். பல கருவிகளை வாசிக்கத் தெரிந்த அந்தச் சீர்திருத்தவாதியின் காலத்தில்தான் சூரிச் நகர ஆலயங்களில் ஆர்கன்கள் வாயடைத்துப் போயின. இசை தெரியாதவர் ஒருவர் அதைச் செய்திருந்தால் எளிதாகக் கடந்துபோயிருப்பேன். அதன் வலிமையை உள்ளிருந்து அறிந்தவர் செய்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை, அவருடைய பயம் எனக்குப் புரிகிறது.

வேதாகமத்துக்குத் திரும்பியபோது, சிறுவயதிலிருந்து கேட்டுச் சலித்த ஒரு கதை வேறு முகம் காட்டியது. சவுல் ராஜாவைப் பொல்லாத ஆவி கலங்கப்பண்ணும்போதெல்லாம் தாவீது சுரமண்டலத்தை எடுத்து வாசிப்பான், சவுல் ஆறுதலடைந்து சுகமடைவான் என்று 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. இசை ஊழியத்தைப் பற்றிய எல்லாப் பிரசங்கமும் இந்த இடத்தோடு நின்றுவிடும். இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால் அதே தாவீது அதே கருவியை வாசித்துக்கொண்டிருக்க, அதே சவுல் அவனைச் சுவரோடே சேர்த்துக் குத்திப்போட ஈட்டியை எறிகிறான். 19ஆம் அதிகாரத்திலும் அப்படியே. வாசித்தவன் தாவீது; அவனைவிட அபிஷேகம் பெற்ற வாத்தியக்காரன் யார்? அந்த இசை சவுலை ஆற்றியதே தவிர மாற்றவில்லை. ஆறுதல் சிறிய காரியம் அன்று, அதைக் குறைத்துப் பேச நான் துணியமாட்டேன். ஆனால் ஆறுதலை மனந்திரும்புதல் என்று பெயர் மாற்றி எழுதிக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அந்த ஈட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இன்னொரு வாத்தியக்காரன் 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறான். மூன்று ராஜாக்களின் சேனை ஏழு நாள் நடந்து, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் எலிசாவிடம் வந்து நிற்கிறது. எலிசா அவர்கள்மேல் எரிச்சலோடு இருக்கிறார். ஒரு சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்துவரச் சொல்லுகிறார். அவன் வாசிக்கையில் கர்த்தருடைய கரம் தீர்க்கதரிசியின்மேல் இறங்குகிறது, தண்ணீரும் பிறகு வருகிறது. அந்த வாத்தியக்காரனின் பெயர் எழுதப்படவில்லை. என்ன வாசித்தான், எவ்வளவு நேரம் வாசித்தான், அதன்பின் எங்கே போனான் என்பதும் இல்லை. போஸ்டரில் தன் படம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துப் பழகிய என் தலைமுறை வாசிப்பாளர்களுக்கு இந்த ஆளை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. (என்னையும் சேர்த்தே சொல்கிறேன், என் படம் பாட்டுக்காரரின் படத்தைவிடச் சிறியதாகப் போடப்பட்டதற்காக ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன்தான் நான்.)

ஊரிலிருந்து திரும்பியபின் நான் செய்த முதல் காரியம், அந்தப் பெண்கள் பாடிய கீர்த்தனையைப் புத்தகத்தில் தேடி எடுத்ததுதான். எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். பதினைந்து ஆண்டுகள் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்து வாசித்த நான், அந்த ஒரு வரியைப் பக்க எண்ணைப் போலத்தான் பார்த்துக் கடந்திருக்கிறேன். அந்தப் பாட்டின்மேல் செஞ்சுருட்டி, ஆதி என்று இருந்தது. செஞ்சுருட்டி ஹரிகாம்போஜி என்ற தாய் ராகத்தில் பிறந்தது; அதன் நிஷாதம் (நி) தாழ்ந்து நிற்கும் கைசிகி நிஷாதம். ஒரு கட்டையில் (கீபோர்டின் சி) சட்ஜம் வைத்தால் அது பி ஃப்ளாட். நாங்களோ பாட்டு மேஜர் மாதிரி கேட்கிறது என்பதற்காக சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று மூன்று கார்டுகளை வைத்து முழுப் பாட்டையும் ஓட்டிவிடுவோம். அந்த ஜி மேஜருக்குள் பி இருக்கிறது. அதாவது ஒரு படி உயர்ந்த காகலி நிஷாதம். சபையார் தலைமுறை தலைமுறையாகக் கீழே தாழ்த்திப் பாடிவந்த ஒரு ஸ்வரத்தை, நான் ஞாயிறுதோறும் ஸ்பீக்கர் வழியாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சில பாட்டிமார் அந்த இடத்தில் மட்டும் குரலை அடக்கிக்கொள்வார்கள். வயதாகிவிட்டது, மூச்சு போதவில்லை என்று நினைத்திருந்தேன். மோகனத்தில் அமைந்த பாட்டுகளுக்கும் இதே கதிதான். மத்திமமும் நிஷாதமும் இல்லாத ராகத்துக்கு நாலாம் கார்டை (சி மேஜருக்கு எஃப் மேஜர்) வைத்து, இல்லாத மத்திமத்தை இருக்கச் செய்வோம்.

இந்தக் கீர்த்தனை மரபின் தலைப்பிள்ளை எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். மிஷனெரி சுவார்ட்ஸ் சிறுவனாக இருந்த அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். 1864இல் மறையும்வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். குறவஞ்சி, கும்மி என்று தமிழ்நாட்டுத் தெருவிலும் மேடையிலும் வழங்கிய வடிவங்களையே எடுத்துக் கிறிஸ்துவைப் பாடினார். தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்க் வந்து இறங்கியது முதல் லுத்தரன் மிஷனெரிமார் ஜெர்மன் மெட்டுகளில் தமிழ் ஞானப்பாட்டுகளைப் பாடவைத்திருந்தார்கள். அதன் அருகிலேயே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பாடும் கீர்த்தனையும் நிலைபெற்றது சாஸ்திரியாரைப் போன்றவர்களால்தான்.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 1820களில் தஞ்சைச் சபைகளில் புதிய மிஷனெரிமாருக்கும் அவருக்கும் பெரும் வழக்கு மூண்டது. பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துவது, ஆராதனையில் தமிழ்ப் பாட்டுகளை ஒதுக்குவது, விழாக்களில் பூக்களை விலக்குவது ஆகியவற்றை அவர் எதிர்த்தார். அதே மூச்சில், திருவிருந்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் எதிர்த்தார். என் பாட்டை என்னிடமிருந்து பிடுங்காதே என்று அவர் எழுப்பிய குரலைக் கேட்டால் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது. ஒரே பாத்திரத்தில் பங்குகொள்ளமாட்டேன் என்ற குரலைக் கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. அவருடைய பாட்டுகளை வாசிக்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சபையில் யாராவது தொடங்கினால், எதைக் காப்பாற்றுகிறார்கள், எதை அதோடு கட்டிக் கொண்டுவருகிறார்கள் என்று கூர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இவரிடமிருந்துதான் வந்தது.

தஞ்சைக்குப் போன இன்னொரு தென்பாண்டிக்காரர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் சாம்பவர்வடகரையில் பிறந்து, தஞ்சையில் சித்த வைத்தியத்தால் பெயரும் பொருளும் ஈட்டி, ஈட்டியதை இசை ஆராய்ச்சியில் கொட்டியவர். 1912 முதல் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் (ச முதல் மேல் ச வரை) இருப்பவை 22 சுருதிகள், அதாவது நுண்ணிய ஒலி நிலைகள், என்று பலரும் ஒப்புக்கொண்டிருந்தபோது, இல்லை, 24 என்று கணக்குப் போட்டுக் காட்டி வாதாடினார். அந்தக் கணக்கு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஐந்து கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நடுவே ஆச்சியின் ஊர்ப் பெண்கள் நின்ற அந்த இடத்தைத் தேடிக் கம்பியை அளந்துகொண்டு ஒரு கிறிஸ்தவர் வாழ்நாளைக் கழித்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. கருவியில் இல்லாத ஸ்வரம் தவறான ஸ்வரம் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன்.

சினிமா மெட்டு கோயிலுக்குள் வரலாமா என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சண்டையாக வெடிக்கும். அதிலும் டிசம்பர் மாதப் பஜனையில் தவறாமல் வரும். இதில் எனக்குப் பெரிய கொள்கை ஏதும் இல்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1733இல் சாக்சனி அரசகுலப் பெண்மணி ஒருவரின் பிறந்தநாளுக்காக எழுதிய இசையில், முரசுகளே முழங்குங்கள் என்ற சொற்களுக்கு ஏற்ப முரசொலியோடு தொடங்கும் ஒரு கூட்டிசை இருக்கிறது. அடுத்த ஆண்டு கிறிஸ்து பிறப்பின் பண்டிகைக்காக அதே இசையில் சொற்களை மட்டும் மாற்றிவிட்டார். முரசைப் பற்றிய சொல் போய்விட்டது, தொடக்கத்து முரசொலி அப்படியே நின்றுவிட்டது. அரண்மனைக்கு வாசித்த இசை தொழுவத்துக்கும் ஆயிற்று. தம் கையெழுத்துப் படிகளின் இறுதியில் தேவனுக்கே மகிமை என்ற பொருளுடைய இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளை எழுதும் வழக்கமுடையவர் அவர். ஆகவே மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, சபை அதைப் பாட முடிகிறதா, பாடும்போது சொல் காதில் விழுகிறதா என்பதுதான் என் கவலை. திருமண வரவேற்பில் வாசிப்பதையும் நான் விடவில்லை. மாதக் கடைசியில் வீட்டு வாடகையைக் கொடுப்பது அந்தப் பணம்தான். அதில் வெட்கப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. ஜெப நேரத்தில் பேட் சவுண்டு போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். அதனால் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வருவது நின்றுபோனது.

எங்கள் கோயிலில் நான் செய்த மாற்றங்கள் வெளியிலிருந்து பார்த்தால் மிகச் சிறியவை. முதலாவது, சுருதியை இறக்கினேன். ஒலிப்பதிவுகளில் வரும் பாட்டுகள் எல்லாம் அதைப் பாடிய கலைஞரின் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் இருப்பவை. அப்படியே எடுத்து வாசித்தால் உச்ச வரியில் பாடகர் குழு மட்டும் பாடும், சபையார் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றரைக் கட்டை, சில வேளை இரண்டு கட்டை இறக்கியதும், தூணுக்குப் பின்னால் உட்காரும் ஆண்கள் பகுதியிலிருந்து ஒரு முரட்டு ஒலி கிளம்பி வந்தது. அவர்களுக்கும் குரல் இருக்கிறது என்பதை அன்றுதான் கேட்டேன். எங்கள் குழுவின் முன்னணிப் பாடகிக்கு இதில் மிகுந்த வருத்தம். தாழ்ந்த சுருதியில் அவருடைய குரலின் பிரகாசம் தெரிவதில்லை, அது உண்மையும்கூட. இன்றுவரை அந்த வருத்தம் முழுதும் தீரவில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு கீர்த்தனையிலும் ஏதாவது ஒரு சரணத்தில் கையை எடுத்துவிடுகிறேன். எந்தச் சரணம் என்று முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் சில வாரங்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை.

மூன்றாவது, வாசித்துக்கொண்டே பாடப் பழகுகிறேன். இது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. விரல் ஒரு வேலையும் நாக்கு ஒரு வேலையும் செய்யும்போது இரண்டில் ஒன்று குழறுகிறது, பெரும்பாலும் விரல்தான். பாடகர் குழுவினர் என்னைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தவறான கார்டுகள் விழுகின்றன. ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்று பவுல் எழுதியதில் கருத்து என்ற பகுதி எனக்கு இப்போதுதான் வாய்க்கத் தொடங்கியிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக நான் வாசித்துவந்த ஒரு லெந்துகாலப் (தவக்காலப்) பாட்டின் நான்காம் சரணத்தில், மன்னிப்புக் கேட்பவன் தன் கைகளைப் பற்றிப் பேசுகிறான் என்பதைச் சென்ற மார்ச்சில்தான் முதன்முறையாகக் கவனித்தேன். அந்த வரியில் விரல் நின்றே போயிற்று. வாசிப்பு நின்றது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள்.

விசுவாசம் கூடியிருக்கிறதா என்று நண்பன் ஒருவன் கேட்டான். கூட்ட மேடைகளில் எனக்குக் கிடைத்துவந்த அந்த உடல்சிலிர்ப்பு இப்போது அரிதாகத்தான் வருகிறது. அந்த அளவுகோலால் பார்த்தால் குறைந்துதான் போயிருக்கிறது. சில ஞாயிறுகளில் பாட்டின் சொல் எனக்கு அந்நியமாக நிற்கும். நம்பிக்கையோடு அதைச் சொல்ல முடியாமல் இருக்கும். அப்போதும் பாடுகிறேன். என்னால் சொல்ல முடியாத வரியை முன்வரிசையில் இருக்கும் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார், அவரால் முடியாததை வேறொரு நாள் நான் சொல்லுவேன் என்ற கணக்கில் சபையோடு சேர்ந்துகொள்கிறேன். தனியாக அறையில் உட்கார்ந்து இதே பாட்டைப் பாடினால் இந்தத் தைரியம் எனக்கு வருவதில்லை.

இந்த ஞாயிறு ஆச்சியின் ஊர்ப் பெண்கள் பாடிய அதே செஞ்சுருட்டிக் கீர்த்தனை எங்கள் பட்டியலில் இருக்கிறது. ஜி மேஜரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பி ஃப்ளாட் மேஜரை வைத்துப் பார்த்தேன். அதன் மூன்று ஸ்வரங்களும் ராகத்துக்குள் அடங்குபவை, ஆகவே ஏட்டுக்கணக்கில் தவறில்லை. ஆனால் பயிற்சியில் டெனர் பாடும் அண்ணன், "சினிமா ரீரெக்கார்டிங் மாதிரி இருக்கேடா" என்று சிரித்துவிட்டார். கார்டே இல்லாமல் ச, ப இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரு வழி; அப்படிச் செய்தால் பேஸ் கிதார் வாசிக்கும் தம்பிக்கு முழுப் பாட்டிலும் வேலை இருக்காது, அவன் முகம் வாடிவிடும். நாளை மாலை தபேலாக்காரர் வந்தபின் இரண்டையும் ஒருமுறை பாடிப் பார்க்க வேண்டும்.